மாளிகையும் முஸாஃபிர்கானாவும்

காவிரியின் கடைமடையில் பிறந்து வளர்ந்த எனக்கு, அந்நதி மேலே எந்தெந்த ஊர்களைத் தொட்டு வருகிறது என்று காணும் ஆவல் கல்லூரி நாள்களிலிருந்தே உண்டு. சென்ற ஆண்டு மத்ரஸா விடுமுறையில்தான் அது நிறைவேறியது. துணைவியார், மகன், மகள் ஆகியோருடன் மைசூருக்கு இரவு ரயில் ஏறினேன். காவிரியின் நடுவே தீவாக அமைந்த ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் 'தரியா தௌலத்' மாளிகையைக் காண்பதே நோக்கம். ஊரைவிட்டுச் சில நாள் விலகியிருக்க விரும்பியதற்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மைசூரில் நாங்கள் முன்கூட்டிப் பேசிவைத்திருந்த விடுதியில் முதல் பாடம் கிடைத்தது. தொலைபேசியில் சொன்ன வாடகை வேறு. பெட்டிகளுடன் போய் நின்றபோது கேட்ட வாடகை வேறு. தொடர் விடுமுறை என்று காரணம் சொன்னார்கள். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினோம். பின்தெரு ஒன்றில் சிறியதொரு விடுதி அகப்பட்டது. அறை சிறிதாயினும் தூய்மையாக இருந்தது. நெற்றியில் குங்குமம் அணிந்திருந்த பணியாளர், நான் கேட்கும் முன்பே சுவரின் ஒரு பக்கத்தைச் சுட்டி, "உங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் பார்த்துத்தான் தொழுவார்கள்" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். எனக்கு முன் எத்தனை முஸாஃபிர்கள் அவ்வறையில் ஸஜ்தா செய்திருப்பார்களோ! நாங்களும் முஸாஃபிர்களாதலால் லுஹரையும் அஸரையும் கஸ்ராகத் தொழுதோம்.

குடும்பத்துடன் செல்வோர் தசரா நாள்களையும் தொடர் விடுமுறைகளையும் தவிர்ப்பது நலம். வரி உட்பட வாடகை எவ்வளவு என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்வது அதைவிட நலம்.

அன்று மாலை நகரைச் சுற்றினோம். இப்போதுள்ள மைசூர் அரண்மனை, பழைய மர அரண்மனை 1897இல் தீக்கிரையான பின்னர் எழுப்பப்பட்டு 1912இல் நிறைவு பெற்றது. அதை வரைந்த ஹென்றி இர்வினுக்குச் சென்னை உயர்நீதிமன்றக் கட்டடத்திலும் பங்குண்டு. நகரின் மறுகோடியில், வைஸ்ராய் வந்து தங்குவதற்கென 1921இல் கட்டப்பட்ட லலித மகால் வெண்மையாக நிற்கிறது. 1974இல் அது ஓட்டலாக மாறியது. தூரத்தில் நின்று பார்த்தோம். "காசு கொடுத்தால் அரண்மனையில் யார் வேண்டுமானாலும் தங்கலாமா, வாப்பா?" என்று மகள் கேட்டாள். "தங்கலாம், காலையில் சாவியைக் கொடுத்துவிட வேண்டும்" என்றேன். விளையாட்டாகச் சொன்ன அந்த விடை மறுநாள் முழுவதும் என் மனத்தில் சுழன்றுகொண்டே இருந்தது.

மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம் ஏறத்தாழ 15 கிலோமீட்டர். கோட்டைக்கு வெளியே, ஆற்றோரத் தோட்டத்தின் நடுவில் தரியா தௌலத் அமைந்துள்ளது. 1784ஆம் ஆண்டைச் சேர்ந்த இக்கோடை மாளிகை பெரும்பாலும் தேக்கு மரத்தால் ஆனது. விண்ணை முட்டும் கட்டடத்தை எதிர்பார்த்துச் செல்வோர் வியப்படைவர். உயர்ந்த மேடைமீது, நாற்புறமும் தாழ்வாரம் சூழ, அடக்கமாக நிற்கிறது அது. சுவரோவியங்களை வெயில் தாக்காதிருக்கப் பச்சைத் திரைகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இன்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

மேற்குச் சுவரில் உள்ள போர்க் காட்சியின் முன் நெடுநேரம் நின்றோம். 1780 செப்டம்பர் 10ஆம் நாள் நம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்த நிகழ்ச்சி அது. வெடிமருந்து வண்டி தீப்பற்றிச் சிதறுகிறது. காயமுற்ற பெய்லி பல்லக்கில் அமர்ந்திருக்கிறார். சிறைப்பட்ட அவர் 1782இல் இந்தத் தீவிலேயே இறந்தார். வென்றவர் சுவரில் தீட்டிய வெற்றி அது. ஆயினும், 1799 மே 4ஆம் நாள் கோட்டை வீழ்ந்து சுல்தான் ஷஹீதானபின், இந்த மாளிகையில் குடியேறியவர் யார் தெரியுமா? பிற்காலத்தில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்று வெலிங்டன் பிரபுவாகப் புகழ்பெற்ற கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி! தம் நாட்டுப் படையின் தோல்வி தீட்டப்பட்ட சுவர்களுக்கு நடுவே அவர் வசித்தார். பின்னர் அவரும் போய்விட்டார்.

கோட்டைக்குள் சுல்தான் வாழ்ந்த லால் மஹால் இன்று அடித்தளக் கற்களாக மட்டுமே எஞ்சியிருக்கிறது. அரச குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1806 ஜூலை 10இல் அங்குச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அங்கிருந்தும் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர். பெற்றோருக்காகத் திப்பு எழுப்பிய கும்பஸில் தந்தை ஹைதர் அலி, தாயார் ஃபக்ருன்னிஸா ஆகியோரின் அருகிலேயே அவரும் அடக்கமாகியிருக்கிறார். மாளிகையைப் பிறர் எடுத்துக்கொண்டனர். எவரும் எடுத்துக்கொள்ளாத இடம் அந்தக் கப்ரு ஒன்றுதான். மூவருக்காகவும் துஆ செய்தோம்.

வெளியே வந்து அமர்ந்தபோது, மாணவர்களுக்கு நான் ஆண்டுதோறும் சொல்லும் ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. பல்கின் அரசராயிருந்த இப்ராஹீம் பின் அத்ஹம் (ரஹ்) அவர்களின் அரண்மனைக்குள் ஒருவர் நுழைந்து, "இந்த முஸாஃபிர்கானாவில் தங்க வந்தேன்" என்றாராம். "இது என் அரண்மனை" என்றார் அரசர். "உமக்கு முன் இங்கு இருந்தவர் யார்?" "என் தந்தை." "அவருக்கு முன்?" "அவருடைய தந்தை." "ஒருவர் வருவதும் ஒருவர் போவதுமாக இருக்கும் இடத்துக்கு முஸாஃபிர்கானா என்பதன்றி வேறென்ன பெயர்?" என்று கேட்டுவிட்டு அம்மனிதர் சென்றதாகச் சொல்வார்கள்.

வாசகர்களே, இப்போது அந்தக் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மர்ஹூம் வாப்பா விட்டுச்சென்ற வீட்டின் பொருட்டு நானாவும் நானும் மூன்று ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. முற்றத்தை ஒட்டிய இரண்டு அறைகள் யாருக்கு என்பதே வழக்கு. ஊர் திரும்பியதும் வக்கீலைப் பார்ப்பதாக இருந்தேன். மத்ரஸாவில் ஃபராயிள் பாடம் நடத்துபவன் நான். இரண்டு ஆண் மக்களும் ஒரு பெண் மகளும் இருந்தால் சொத்தை ஐந்தாக்கி, இரண்டு, இரண்டு, ஒன்று எனப் பிரிக்க வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிக் காட்டுபவன். அந்த ஐந்தில் ஒரு பங்குக்கு உரிய என் தங்கையை, சண்டையிட்ட நாங்கள் இருவருமே ஒருநாளும் அழைத்துக் கேட்டதில்லை.

அன்றிரவு விடுதி அறையிலிருந்து நானாவுக்குப் பேசினேன். "அறைகள் இருக்கட்டும், நானா. முதலில் தங்கச்சியின் பங்கைக் கொடுத்துவிடுவோம்" என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "எங்கேயிருந்து பேசுறே? பிள்ளைகள் சாப்பிட்டாங்களா?" என்று கேட்டார். மூன்று ஆண்டுகளுக்குப் பின் கேட்ட குரல்.

காலையில் கணக்கைத் தீர்த்து, அறையின் சாவியை மேசைமீது வைத்தோம். நாங்கள் படியிறங்கும்போதே அடுத்த குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது.