நான்கில் இரண்டு

என் மகளின் ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்தது நான்தான். டாக்டர் எழுதியது பிரெட்னிசலோன் 10 மில்லிகிராம், காலையில் நான்கு. மாத்திரை டப்பா என் பொறுப்பில் இருந்தது. 17 நாள் இரண்டு மட்டுமே எடுத்துக் கொடுத்தேன். "டாக்டர் குறைக்கச் சொல்லிட்டார்டி" என்று பொய்யும் சொன்னேன்.

அவளுக்கு 23 வயது. லூபஸ், அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கும் நோய், என்று தெரிந்து மருந்து தொடங்கிய மூன்றாம் மாதம் முகம் உருண்டு கன்னம் உப்பிவிட்டது. மும்பை செம்பூரில் ஒரு கல்யாணத்தில், "பொண்ணை இப்படி ஊதவிட்டுட்டியே, நாளைக்கு யார் கட்டுவா?" என்று உறவுக்காரி ஒருத்தி கேட்டாள். சான்பாடா வந்து இறங்கும்வரை ரயிலில் அதுவே காதில் ஓடியது. மறுநாளிலிருந்து இட்லி இரண்டு, சோறு ஒரு கரண்டி.

ஸ்டீராய்டு கிளப்பிவிடும் பசி சாதாரணப் பசி இல்லை. ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு அடுக்களையில் எவர்சில்வர் மூடி திறக்கும் சத்தம். விளக்கைப் போட்டேன். உள்ளங்கையில் பொட்டுக்கடலையோடு நின்றாள். "பசிக்குதும்மா." கையில் இருந்ததைத் திரும்ப டப்பாவில் கொட்ட வைத்தேன்.

சோற்றில் கைவைத்த நான், வாய்க்கு ருசி வேண்டாமா என்று மாட்டுங்காவில் வாங்கிய அப்பளமும் உப்பு நார்த்தங்காயும் தாராளமாக வைத்தேன். ஒரே வாரத்தில் மூன்று கிலோ ஏறியது. திருடித் தின்கிறாள் என்றுதான் நினைத்தேன். சிறுநீர் நுரைத்துப் போகிறது என்று அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

மறுபடி டாக்டரிடம் போனோம். அவர் அவள் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. "இது கொழுப்பு இல்லம்மா, தண்ணி." லூபஸ் சிறுநீரகத்துக்குப் போயிருந்தது. புரதம் சிறுநீரில் ஒழுகிக்கொண்டிருந்தது, நான் வைத்த உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. "மாத்திரை ஒழுங்கா எடுக்கிறியா?" என்று கேட்டார். "நீங்க சொன்ன மாதிரி ரெண்டுதான் டாக்டர்" என்றாள். அவர் என்னைப் பார்த்தார்.

நான் குறைத்ததால்தான் இப்படி ஆனதா, நோயே அங்கே போய்க்கொண்டிருந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார். அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள எனக்கு மனமில்லை. ஸ்டீராய்டை ரத்தத்தையும் சிறுநீரையும் பார்த்துப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். கல்யாண வீட்டுப் பேச்சைக் கேட்டுக் குறைத்தவள் நான்.

உடம்பில் கொழுப்பு ஏறுவதும் லூபஸுக்கு நல்லதல்ல, அது அழற்சியைத் தூண்டும். அதற்கும் வழி இருந்திருக்கிறது. பிரிட்டனில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருந்த 23 லூபஸ் பெண்களுக்கு ஆறு வாரம் உணவை மட்டும் மாற்றிப் பார்த்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். எடை குறைந்தது, அசதி குறைந்தது, நோய் கிளம்பவில்லை. இப்போது எங்கள் வீட்டில் உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள். அப்பளம் கிடையாது. பசித்தால் சாப்பிடுகிறாள்.

அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு வீடு வரும்வரை அவள் பேசவில்லை. வந்ததும் மாத்திரை டப்பாவை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டாள். சாவி இன்றும் அவளிடம்தான் இருக்கிறது.