பாட்டுக்கு ஒன்று, காதுக்கு ஒன்று

"ஏங்க, அந்த டி.வி.யைக் கொஞ்சம் குறைங்களேன்! குழந்தை படிக்கிறாள்."

போன வருஷம் தை மாதத்தில் ஒரு நாளைக்கு இருபது தடவையாவது நான் சொன்ன வாக்கியம் இது. பெண்ணுக்கு பிளஸ் டூ பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவருக்கோ ராத்திரி சாப்பாடு ஆனதும் பழைய பாட்டுக் கேட்காவிட்டால் தூக்கம் வராது. பகலெல்லாம் பீங்கான் பட்டறையில் நின்றுவிட்டு வருகிற மனுஷர். அதையும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் வைக்கிற சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்களுக்கும் சேர்த்து இலவசக் கச்சேரி நடக்கும்!

"அப்பாவுக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துடும்மா. சண்டையே இருக்காது" என்றாள் பெண். நல்ல யோசனையாகத்தான் பட்டது. சீட்டுப் பணத்தில் மிச்சம் பிடித்து வைத்திருந்த 2,000 ரூபாயை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை இவரையும் கிளப்பிக் கடைத்தெருவுக்குப் போனேன். துணைக்கு என் அக்கா பையன். மைக்செட் வைத்திருக்கிறான், சத்தம் சம்பந்தப்பட்ட விஷயமெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

புடவைக்கடையில்கூட எனக்கு இவ்வளவு குழப்பம் வந்ததில்லை. சுவர் முழுக்க டப்பா டப்பாவாகத் தொங்குகிறது. ஒவ்வொன்றிலும் '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்று அச்சடித்திருக்கிறான். 150 ரூபாய்ச் சாமானிலும் அதேதான், 5,000 ரூபாய்ச் சாமானிலும் அதேதான்.

"சித்தி, டப்பாவைப் பார்த்து வாங்காதீங்க. மனுஷக் காது கேட்கிற அளவே அதுதான். அதை எல்லாரும் போட்டுடுவான். பானை வாங்கறப்ப என்ன பண்ணுவீங்க? தட்டிப் பார்த்துத்தானே வாங்குவீங்க? அதே மாதிரி, உங்களுக்கு மனப்பாடமாத் தெரிஞ்ச பாட்டைப் போட்டுக் கேட்டு வாங்குங்க" என்றான் அக்கா பையன்.

அவன் அன்று சொல்லிக்கொடுத்ததை நான் புரிந்துகொண்ட வரையில் சொல்கிறேன். உங்களுக்கும் உதவும்.

ஹெட்போன் மூன்று தினுசு. காதுக்குள் நுழைவது ஒன்று, காதின்மேல் உட்காருவது ஒன்று, காதையே முழுசாக மூடிக்கொள்வது ஒன்று. மூடிக்கொள்வதிலும் இரண்டு விதம் உண்டு. பின்பக்கம் அடைத்தது, மூடி போட்ட பாத்திரம் மாதிரி. உள்ளே பாடுவது வெளியே வராது. பின்பக்கம் திறந்தது, மூடாத பாத்திரம். பாட்டு எதிரில் உட்கார்ந்து பாடுவதுபோல் இயற்கையாக இருக்கும், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். படிக்கிற பிள்ளை இருக்கிற வீட்டுக்கு அடைத்ததுதான் சரி.

அடுத்தது ருசி. சாம்பாருக்குப் பெருங்காயம் எப்படியோ, பாட்டுக்கு அடிச்சத்தம் அப்படி. இந்தக் காலத்து ஆட்டப் பாட்டுக்குக் கொஞ்சம் தூக்கலாக இருக்கலாம். ஆனால் டி.எம்.எஸ்., சுசீலா பாட்டைக் கேட்கிறவர்கள் அடிச்சத்தம் தூக்கலான ஹெட்போனை வாங்கினால், குரல் கம்பளிக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும். இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் என்று ஒன்று அடியில் தனிப் பாட்டாகவே ஓடிக்கொண்டிருக்குமாம். அங்கே அடிச்சத்தம் அதிகமாக இருப்பதைவிடத் தெளிவாக இருப்பதுதான் முக்கியம். பழைய படப்பாட்டுக்களில் பெரும்பாலானவை மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். அதனால் 'சுற்றிலும் கேட்கும்' என்று விளம்பரம் செய்கிற சாமானுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். மேல்சத்தத்தைத் தூக்கிக் காட்டுகிற ஹெட்போனில் பழைய இசைத்தட்டின் 'உஸ்' என்ற இரைச்சலும் சேர்ந்தே தூக்கலாகக் கேட்கும்.

கர்நாடக சங்கீதம் கேட்கிறவர்களுக்கு மிருதங்கம்தான் உரைகல். அதன் வலந்தலையில் இருக்கிற கறுப்பு வட்டத்தால்தான் சுருதி சேர்ந்த நாதம் வருகிறது என்று சர் சி.வி. ராமன் 1920-லேயே ஆராய்ந்து எழுதினார். நல்ல ஹெட்போனில் இடந்தலையின் 'கும்'மும் வலந்தலையின் 'ணம்'மும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இரண்டும் ஒன்றாகக் குழம்பி வந்தால் வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

இன்னும் ஒரு சூட்சுமம். இரண்டு ஹெட்போனை ஒப்பிடும்போது ஒரே பாட்டை ஒரே அளவு சத்தத்தில் வைக்க வேண்டும். எதில் சத்தம் கொஞ்சம் கூடுதலோ, அதுதான் நல்லது என்று காது ஏமாந்துபோகும். தோடும் ஜிமிக்கியும் போட்டிருக்கிற நாம், மூக்குக்கண்ணாடி போட்டிருப்பவர்கள், எல்லாரும் கால் மணி நேரமாவது மாட்டிப் பார்க்க வேண்டும். முதல் நிமிஷம் சுகமாக இருப்பது பத்தாவது நிமிஷம் காதை அழுத்தும்.

இவருக்கு இதில் எல்லாம் ஏக சுவாரஸ்யம். "ஸ்பீக்கர்லே கறுப்பா ஒரு காந்தம் இருக்குமே, அதுவும் நம்ம சூளைச் சரக்குதான். இரும்புத் துருவை மாவாக்கிச் சுட்டு எடுக்கிறது" என்று கடைக்காரருக்கே பாடம் எடுத்தார். அக்கா பையன் விடுவானா? 1910-ல் அமெரிக்காவில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டு அடுப்படியில் வைத்து ஹெட்போன் செய்து கடற்படைக்கு விற்ற கதையைச் சொன்னான். அடுப்படியில் பிறந்த சாமானா என்று எனக்கு உடனே அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது!

ஆளுக்கொரு பக்கம் மாட்டிக் கேட்டுக்கொண்டே வந்தோம். கடைசியில் இரண்டு தேறின. ஒரு பஜனைப் பாட்டைப் போட்டான். நான் கேட்டுவிட்டு, "இதுலே ஜால்ரா வெள்ளிக்காசு சிதறுன மாதிரி எவ்வளவு அழகா விழுது, பாருங்க" என்று இவர் தலையில் மாட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டார். "ஜால்ரா எங்கே? குரலும் ஆர்மோனியமும்தானே இருக்கு?"

இன்னொன்றை மாட்டினோம். அதிலும் இல்லை. இடது வலது மாற்றி மாட்டினோம். "என்னை வெச்சு விளையாடறீங்களா?" என்று சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை. அக்கா பையன் என் முகத்தைப் பார்த்தான். எனக்கு அடிவயிறு சில்லென்றது.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது புரியும். விருத்தாசலம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும் ரயில்வே ஜங்ஷனும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது பீங்கான் ஊர். ஃபியூஸ் கட்டை, பொம்மை, அகல் விளக்கு என்று எத்தனையோ சின்னச் சின்னப் பட்டறைகள். களிமண்ணையும் கல்மாவையும் தண்ணீர் விட்டு, கூழாங்கற்களோடு ஒரு பெரிய உருளையில் போட்டு மணிக்கணக்காகச் சுற்ற விடுவார்கள். பால் மில் என்று பெயர். ஆயிரம் அம்மி ஒன்றாக உருண்ட மாதிரி சத்தம் போடும். கல்யாணமான புதிதில் சாப்பாடு கொண்டுபோனவள், வாசலிலேயே தூக்கை வைத்துவிட்டு ஓடி வந்திருக்கிறேன். இவர் அதன் பக்கத்தில் பதினாலு வருஷம் வேலை பார்த்தார். காதில் பஞ்சுகூட வைத்துக்கொண்டதில்லை.

அதற்கப்புறம், சுட்ட சரக்கைச் சோதிக்கிற இடத்துக்கு மாற்றினார்கள். ஒன்றோடொன்று தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது 'ணங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டப்' என்னும். அதில் இவர் மன்னன் என்று பேர் வாங்கியவர். ஆனால் கடைக்குப் போனதற்கு இரண்டு மாதம் முன்னால், இவர் தட்டி அனுப்பிய சரக்கில் ஒரு பெட்டி விரிசல் என்று திரும்பி வந்தது. "கை அசந்துடுச்சு" என்றார். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை.

கடையில் நின்றபோது அது மட்டுமா ஞாபகம் வந்தது? குக்கர் ஐந்து விசில் அடித்தும் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்த நாள், சீப்பு வாங்கி வரச் சொன்னால் உப்பு வாங்கி வந்த நாள், "நீ ஏன் எப்பவும் முணுமுணுக்கறே?" என்று கோபித்துக்கொண்ட நாள்... "நான் சொன்னா மட்டும் உங்க காதுலே ஏறாதே!" என்று எத்தனை வருஷமாகக் குத்திக் காட்டியிருக்கிறேன்! ஏறவில்லை என்பது நிஜமாகவே நிஜம் என்று எனக்குத் தோன்றவே இல்லையே!

அன்று ஹெட்போன் வாங்கவில்லை. அடுத்த வாரம் காது டாக்டரிடம் போனோம். ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, மெல்லிசாக 'கூ... கீ...' என்று சத்தம் கொடுத்து, கேட்டால் பித்தானை அழுத்தச் சொன்னார்கள். படத்தைக் காட்டினார் டாக்டர். கோடு நேராக வந்து, 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது. பெரும் சத்தத்தில் வருஷக்கணக்காக இருந்தவர்களுக்கு இப்படித்தான் குழி விழுமாம். உட்காதில் இருக்கிற பூமயிர் போன்ற அணுக்கள் கருகிவிட்டால் மறுபடி முளைக்காது. தாழ்ந்த சத்தம் நன்றாகவே கேட்கும். ஜால்ரா, விசில், 'ச', 'ஸ' போன்ற எழுத்துக்கள் நழுவிப் போகும். பேசுவது கேட்கும், என்ன பேசினோம் என்பதுதான் புரியாது.

"85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் தாங்கும். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகக் குறையும்" என்று கணக்குச் சொன்னார். ஹெட்போனுக்கும் அளவு உண்டு. உலக சுகாதார நிறுவனம் சொல்வது, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்; 90 டெசிபலுக்கு ஏற்றினால் வெறும் 4 மணி நேரம். கேட்கவில்லையே என்று சத்தத்தை ஏற்றினால் மிச்சமிருக்கிற காதும் போகும் என்று எச்சரித்தார். காதுக் கருவி வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"நான் என்ன கிழவனா?" என்று மூன்று மாதம் முரண்டு பிடித்தார் இவர். நானும் நச்சரிக்கவில்லை. பேசுவதற்கு முன்னால் அவர் எதிரில் போய் நின்று, முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேச ஆரம்பித்தேன். அவ்வளவுதான். வீட்டில் பாதிச் சண்டை குறைந்தது. ஒரு நாள் அவரே, "வா, அந்தக் கருவியைப் பார்த்துட்டு வரலாம்" என்றார்.

கடைசியில் ஹெட்போனும் வாங்கினோம், ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பாட்டுக்கு. காதை முழுசாக மூடுவது, எடை குறைந்தது, குரலைத் தெளிவாகக் காட்டுவது. சில போன்களில் அந்தக் காதுப் படத்தைக் கொடுத்தால், குறைகிற சத்தத்தை மட்டும் தூக்கிக் கொடுக்கிற வசதி இருக்கிறது. டாக்டரைக் கேட்டுக்கொண்டு பெண்தான் அதைச் செய்துகொடுத்தாள். சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் பூட்டும் போட்டுவிட்டாள்.

இன்னொன்று பட்டறைக்கு. பார்த்தால் ஹெட்போன் மாதிரியே இருக்கும், ஆனால் பாட்டு வராது. சத்தத்தைத் தடுக்கிற காதுமூடி. பால் மில் பக்கம் போகும்போதெல்லாம் மாட்டிக்கொள்கிறார். "என்ன அண்ணே, பாட்டுக் கேட்டுக்கிட்டே வேலையா?" என்று சின்னப் பையன்கள் கேலி செய்தார்களாம். "இப்ப இதை மாட்டினாத்தான்டா, என் வயசுலே பாட்டுக் கேட்கலாம்" என்றாராம். இப்போது இரண்டு பையன்கள் வாங்கியிருக்கிறார்கள். இருபது வருஷம் முன்னால் இதை நான் வாங்கிக் கொடுத்திருக்கக் கூடாதா என்ற ஆதங்கம் எனக்குப் போகவில்லை.

சகோதரிகளே, வீட்டில் யாராவது டி.வி.யைச் சத்தமாக வைத்தால் உடனே திட்டாதீர்கள். ஜால்ரா உள்ள ஒரு பாட்டைப் போட்டு, "இது கேட்குதா?" என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் முதலில் டாக்டரிடம் போங்கள், ஹெட்போன் கடைக்கு அப்புறம் போகலாம்.

பெண் பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிவிட்டாள். நேற்று ராத்திரி இவர் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, "அடுப்பிலே ஏதோ விசில் அடிக்குதே, மூணு ஆச்சு, இறக்கலையா?" என்றார். நான்தான் சீரியல் பார்த்துக்கொண்டு கவனிக்கவில்லை!