பதம் தேடும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் 'டெலிகேட்' என்றொரு சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பில் ஈடுபடுவோருக்கு அது தரும் தொல்லை கொஞ்சநஞ்சமல்ல. றேந்தைப் பின்னலுக்கும் அச்சொல்தான், அடிக்கடி நோயில் விழும் பிள்ளைக்கும் அச்சொல்தான். மெல்லிய நறுமணம், நுட்பமான கருவி, கை சற்றுப் பிசகினாலும் உயிருக்கு ஆபத்தாகும் சத்திரசிகிச்சை, வாய்திறந்து பேசக் கூசும் விவகாரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒன்றையே வைத்திருக்கிறார்கள். அதன் பெயர்ச்சொல் வடிவமோ ருசியான பண்டத்தைக் குறிக்கும். எங்கள் வட்டிலப்பத்தையும் ஆங்கிலத்தில் அப்படி எழுதலாம்.

இலத்தீனில் இதன் மூலச்சொல் இன்பம் தருவது, சொகுசானது என்ற பொருளிலேயே வழங்கியது. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் புழங்கத் தொடங்கியபோதும் அந்த இனிமை ஒட்டிக்கொண்டுதான் வந்தது. இலகுவில் உடைவது என்ற பொருள் பிறகே சேர்ந்தது.

தமிழில் நாம் இவற்றைப் பங்குபோட்டு வைத்திருக்கிறோம். தொடுகைக்கு மென்மை, வேலைப்பாட்டுக்கு நுண்மை, பலவீனத்துக்கு நொய்மை. நடத்தைக்கு 'நாசூக்கு' என்கிறோம். இது பாரசீகத்து 'நாஸுக்' உர்தூ வழியாக வந்த வடிவம். உர்தூவில் அச்சொல் பூவிதழையும் சொல்லும், கவலைக்கிடமான நிலைமையையும் சொல்லும். எங்களிடம் வந்து சேர்ந்தபோது பேச்சுச் சாதுரியம் மட்டுமே மிஞ்சியது.

இந்தப் பங்கீட்டினால் ஒரு பெண்பிள்ளையின் வாழ்வு திசைமாறியதை எங்கள் வீட்டிலேயே கண்டிருக்கிறேன். ராத்தாவுக்குச் சிறுவயதில் முட்டு வருத்தம். மருந்துத் துண்டில் வைத்தியர் ஆங்கிலத்தில் இந்தச் சொல்லை எழுதியிருந்தார். ஆங்கிலம் தெரிந்த உறவினர் ஒருவர் அதை வாசித்து, "நொய்ந்த பிள்ளை" என்று வாப்பாவுக்குச் சொன்னார். அன்றிலிருந்து ராத்தாவை வெயிலுக்கு விடவில்லை, மழைக்கு விடவில்லை. எட்டாம் வகுப்போடு பாடசாலையும் நின்றது. வாப்பா அதனைக் கண்டிப்பினால் செய்யவில்லை, பாசத்தினால்தான் செய்தார். பதினெட்டு வயதில் வருத்தம் தானாக விட்டுப்போயிற்று. பாடசாலை திரும்பி வரவில்லை.

புழுதி படாத இடத்தில் இருத்துங்கள், ஓடவிடாதீர்கள் என்று ஆசிரியைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் கவனமாயிருக்கும் பொறுப்பு முழுவதும் பிள்ளையின் தலையிலேயே விழுந்தது.

இதை நினைக்கும்போதெல்லாம் புகாரியில் வரும் ஒரு ஹதீஸ் நினைவுக்கு வரும். பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அன்ஜஷா என்பவர் பாடிக்கொண்டே ஓட்டிச் செல்கிறார். பாட்டுக்கு ஒட்டகங்கள் வேகமெடுக்கின்றன. கண்ணாடிப் பாத்திரங்களைக் கொண்டு செல்கிறீர், மெதுவாகப் போம் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அவரைத் தடுக்கிறார்கள். ஓட்டத்தில் உடல் நோகும் என்பதற்காகவா, பாட்டில் மனம் இளகும் என்பதற்காகவா என உலமாக்கள் இருவிதமாகவும் விளக்கியுள்ளனர். எந்த விளக்கத்தை எடுத்தாலும் கட்டளை ஓட்டுபவருக்குத்தான். பயணிகளை இறங்கச் சொல்லவில்லை. பயணத்தையும் நிறுத்தவில்லை.

அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்றான 'அல்லதீப்' நுட்பமாக அறிபவன் என்றும் மென்மையாக நடத்துபவன் என்றும் பொருள்படும். அங்கே மென்மை வல்லமை உடையவனின் பண்பு.

இதே சொல்லைப் பொதுவாழ்வில் நாம் கேட்டது 2020இல். கொவிட் தொற்றினால் மரணித்தோர் அனைவரையும் தகனம் செய்ய வேண்டுமென அவ்வாண்டு ஏப்ரலில் வர்த்தமானி வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல் அடக்கத்தையும் அனுமதித்தே இருந்தது. டிசெம்பரில், பிறந்து 20 நாளேயான சிசுவொன்றும் பெற்றோரின் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. அந்நாட்களில் இதுபற்றி நாம் வாய் திறந்தபோதெல்லாம், இது 'டெலிகேட்'டான விடயம், பொறுமையாக இருங்கள் என்ற பதிலே வந்தது. சிசுவின் உடலைக் குறித்து அந்தச் சொல்லை யாரும் சொல்லக் கேட்கவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. ராத்தாவுக்கு நேர்ந்ததேதான் இங்கும் நடந்தது. நோவுபட்டவனையே கவனமாயிருக்கச் சொன்னார்கள்.

ஆகவே இந்தச் சொல்லுக்கு நிகராக ஒரு பெயரடையைத் தேடுவதை விட்டுவிட்டேன். எங்கள் உம்மாமார் அடுப்படியில் தினமும் சொல்லும் 'பதம்' எனக்குப் போதுமாயிருக்கிறது. சோறு வெந்ததற்கும் அதுதான், பாகு இறக்கும் நேரத்துக்கும் அதுதான், கத்தியின் கூருக்கும் அதுதான். சொல் என்பதற்கே பதம் என்றொரு பெயருண்டு. பீங்கான் கோப்பையை நீட்டும்போது அவர்கள் கோப்பையின் நொய்மையைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. "பதமாப் புடி மகன்" என்று வாங்கும் கைக்குத்தான் சொல்கிறார்கள்.