எம்டனின் மிச்சக் கதை

கொடுங்கையூர் டீக்கடையில்கூட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கதை ஓடும். 1914 செப்டம்பர் 22 ராத்திரி அது சுட்டதில் சென்னைத் துறைமுகத்துப் பக்கம் பர்மா ஆயில் டாங்குகள் எரிந்ததும், பட்டணமே மூட்டை கட்டியதும் எல்லோருக்கும் அத்துபடி. அதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் நடந்தது.

நவம்பர் 9. கோக்கோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க எம்டனின் லெப்டினன்ட் ஃபான் மியூக்கே சுமார் 50 பேரோடு இறங்கினார். நிலையத்தின் கம்பத்தை டென்னிஸ் கோர்ட் மேல் சாய்த்துவிடாதீர்கள் என்று அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் கேட்டுக்கொண்டார்களாம். சண்டையிலும் என்ன கவலை பாருங்கள்!

அதற்குள் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பல் எம்டனை நொறுக்கிவிட்டது. கரையில் மாட்டியவர்கள் அங்கே நின்ற ஆயிஷா என்ற பழைய பாய்மரக் கப்பலில் ஏறிக் கிளம்பினார்கள். ஒழுகல் கப்பல், சில பேருக்கான இடத்தில் 50 பேர். தொட்டித் தண்ணீர் நாறிப்போக, பாயை விரித்து மழைநீரைப் பிடித்துக் குடித்தார்கள். சுமத்ராவின் பதாங்கில், போரில் நடுநிலை வகித்த டச்சுக்காரர்கள் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கவிடவில்லை. நடுக்கடலில் வேறு ஜெர்மன் கப்பலுக்கு மாறி, ஆயிஷாவை மூழ்கடித்து, ஏமனில் கரையேறி, வழியில் துப்பாக்கிச் சண்டையும் போட்டு, 1915 மே மாதம் கான்ஸ்டான்டிநோபிள் சேர்ந்தார்கள். எல்லோரும் இல்லை, வழியில் சிலர் செத்துப்போனார்கள்.

நம்ம ஊரைச் சுட்ட ஆள்தான், இருந்தாலும் மியூக்கே மேல் எனக்கொரு மரியாதை. பின்னாளில் போரை எதிர்த்துப் பேசினார், நாஜிகள் பிடித்துச் சிறையில் போட்டார்கள்.