ரிச்சி தெரு அண்ணாச்சிக்கு, உடன்குடியிலிருந்து

அன்புள்ள அண்ணாச்சி,

2019-இல் பதனி சீசன் முடிந்ததும், கருப்பட்டி விற்ற காசிலிருந்து அப்பா எண்ணிக் கொடுத்த 35,000 ரூபாயோடு செந்தூர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கிய உடன்குடிப் பையன் எழுதுகிறேன். ரிச்சி தெருவுக்கு ஒரு நாளில் எத்தனையோ பையன்கள் வந்து போவார்கள். என்னை உங்களுக்கு நினைவிருக்காது. நீங்கள் அன்று அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர் இன்றும் என் மேசையில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன். தபாலில் போட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் இப்போது முதல் கேமிங் கம்ப்யூட்டருக்குக் காசு சேர்க்கும் பிள்ளைகளும், அந்தக் காசைக் கொடுக்கப்போகிற பெற்றோரும் நீங்கள் சொன்னதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

முதல் நன்றி, நீங்கள் சிரிக்காததற்கு. அதற்கு முன் நான் ஏறி இறங்கிய கடைகளில் "படிக்கவா, விளையாடவா?" என்று கேட்டார்கள். விளையாட என்றதும் பேச்சே மாறிவிட்டது. அப்போது எங்கள் வீட்டில் இருந்த ஒரே கம்ப்யூட்டர், அக்கா பிளஸ் டூ படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த அரசாங்க லேப்டாப். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டம் எங்களைப் போன்ற எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சேர்த்தது. அக்கா அதில் படித்தாள், நான் டைப் அடிக்கப் பழகினேன். ஜிடிஏ 5 அதில் ஓடவில்லை. எனக்கு அது ஓட வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. "சரி தம்பி, என்னென்ன விளையாடுவே?" என்று கேட்டு, ஒரு அட்டைத் துண்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பிறகு கேட்டவைதான் எனக்கு ஆச்சரியம். ஊரில் கரண்ட் எப்படி? வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? தெற்கத்திக்காரர் என்பதால் உங்களுக்கு எங்கள் பக்கத்துக் காற்று தெரிந்திருந்தது. குலசேகரன்பட்டினக் கரையிலிருந்து வரும் உப்புக்காற்றுக்கும் குதிரைமொழித் தேரியிலிருந்து பறக்கும் செம்மண்ணுக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். நான் பார்த்துக்கொண்டிருந்ததோ முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டு, உள்ளே வண்ண விளக்கு எரியும் கேபினட். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற ஃபேனுக்குக் காற்று கிடைக்காது, மே மாதத்தில் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும் என்று சொல்லி, முன்னால் வலையும் கழற்றிக் கழுவுகிற தூசி வடிகட்டியும் உள்ள ஒரு கறுப்புக் கேபினட்டை எடுத்து வைத்தீர்கள். கம்ப்யூட்டர் ஆன் ஆகியும் திரையில் ஒன்றும் வராவிட்டால் ராமைக் கழற்றி, அதன் பொன்னிற ஓரத்தை அழிரப்பரால் தேய்த்துத் துடைத்துப் போடச் சொன்னீர்கள். இந்தக் காற்றில் அந்த வேலை எனக்கு அவ்வப்போது வந்துகொண்டுதான் இருக்கிறது.

நான் கொண்டுவந்த தாளில் முதல் வரி கிராபிக்ஸ் கார்டு. அந்த ஏப்ரலில் வெளிவந்திருந்த ஜிடிஎக்ஸ் 1650. அதை வாங்கினால் மற்றதெல்லாம் மிச்சக் காசில் ஏனோதானோவென்றுதான் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். முக்கியமாக எஸ்எம்பிஎஸ், அதாவது சுவரிலிருந்து வரும் கரண்டை உள்ளே இருக்கிற பாகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. கேபினட்டோடு சேர்த்தே தரும் மலிவான ஒன்றை எடுத்து, அதன் ஓரத்து லேபிளை என்னையே படிக்கச் சொன்னீர்கள். பெரிய எழுத்தில் 450 வாட்ஸ். கீழே சின்னக் கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர். "பன்னெண்டையும் பதினாறையும் பெருக்கு" என்றீர்கள். 192 வாட்ஸ்தான் வந்தது. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் வருகிறது. ஆக, மேலே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிற 450-ஐ நம்பிக் கார்டு வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்கள் சொல்லாமலே புரிந்தது.

அதன் பக்கத்தில் 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரை போட்ட இன்னொரு 450 வாட்ஸை வைத்தீர்கள். கையில் தூக்கியதுமே கனம் தெரிந்தது. பாதிச் சுமையில் ஓடும்போது, சுவரிலிருந்து எடுக்கிற மின்சாரத்தில் குறைந்தது 85 சதவீதத்தை உள்ளே இருக்கிற பாகங்களுக்குக் கொடுத்தாக வேண்டும் என்பது அந்த முத்திரைக்கான விதி. மீதிதான் சூடாக வீணாகும். விலை கூடுதல்தான். நான் தயங்கியபோது நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கார்டு இன்னைக்கு இல்லேன்னா நாளைக்கு வாங்கலாம் தம்பி. இது போச்சுன்னா கூட இருக்கிறதையும் கூட்டிக்கிட்டுப் போயிரும்." அன்று முதல் யார் என்னிடம் கம்ப்யூட்டர் வாங்க யோசனை கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

கார்டு இல்லாமல் எதில் விளையாடுவது என்பதற்கும் உங்களிடம் பதில் இருந்தது. அந்த ஜூலையில்தான் ஏஎம்டியின் ரைசன் 3 3200ஜி வந்திருந்தது. நாலு கோர், கிராபிக்ஸும் அதே சிப்புக்குள். தனக்கென்று தனி மெமரி இல்லாததால் அந்த கிராபிக்ஸ் ராமில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. அதனால் ராம் எவ்வளவு வேகமோ, விளையாட்டும் அவ்வளவு வேகம். நான் 8 ஜிபியை ஒரே ஸ்டிக்காகக் கேட்டேன், நீங்கள் 4 ஜிபி ஸ்டிக் இரண்டாகக் கொடுத்தீர்கள். 3000 வேகமுள்ள ராம் ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 24 ஜிபி வரை கொடுக்கும். இரண்டையும் அவற்றுக்குரிய ஸ்லாட்டுகளில் போட்டால் 48. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை ஆன் செய்யாவிட்டால் அந்த ராம் 3000-க்கு ஏறாமல் குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் என்பதையும் திரையில் காட்டினீர்கள். புது கம்ப்யூட்டர் திக்குகிறது என்று நண்பர்கள் கூப்பிட்டால் நான் முதலில் பார்ப்பது இந்த இரண்டையும்தான். பாதிப்பேர் வீட்டில் ஒற்றை ஸ்டிக்தான் இருக்கிறது.

மதர்போர்டு, ராமுக்கு நாலு ஸ்லாட் உள்ள பி450. 2020 வரை பிராசசர் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டை மாற்றுவதில்லை என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருப்பதால் பிற்பாடு பெரிய பிராசசர் போட்டுக்கொள்ளலாம் என்றீர்கள். மானிட்டரை உங்கள் கடையிலேயே விற்றிருக்கலாம். ரயிலில் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அல்லாடாதே, திருநெல்வேலியில் வாங்கிக்கொள் என்று அந்தக் காசைத் திருப்பி என் பையிலேயே வைக்கச் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கொரோனா, சிப் தட்டுப்பாடு, எத்திரியம் என்ற டிஜிட்டல் காசுக்காகக் கார்டுகளை ஓட்டிய மைனிங் எல்லாம் சேர்ந்து கிராபிக்ஸ் கார்டைக் கண்ணால்கூடப் பார்க்க முடியாமல் செய்தன. அந்தக் காலம் முழுக்க 3200ஜி தனியாகவே தாங்கியது. ஜிடிஏ 5, வேலரன்ட் எல்லாம் செட்டிங்கைக் குறைத்து வைத்து, தெருப் பையன்கள் முறைவைத்து விளையாடினோம். 2022 செப்டம்பர் 15 அன்று எத்திரியம் மைனிங்கைக் கைவிட்டது, கார்டுகள் சந்தைக்குத் திரும்பின. 2023-இல் ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன். 132 வாட்ஸ் குடிக்கும் கார்டு. அதற்கு ஏஎம்டி கேட்கும் எஸ்எம்பிஎஸ் 450 வாட்ஸ். நீங்கள் கொடுத்ததை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

போர்டு விஷயத்தில் நடுவில் ஒரு பயம் வந்தது. 2020 மே மாதம், அடுத்து வரும் ரைசன்கள் பி450-இல் வேலை செய்யாது என்று ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் உலகம் முழுக்க எதிர்ப்புத் தெரிவிக்க, அதே மாதத்தில் முடிவை மாற்றிக்கொண்டது. அதனால்தான் 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐ என்னால் பின்னாளில் அதே போர்டில் போட முடிந்தது. இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிட்டு, அப்புறம் கழற்றுங்கள். 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது என்பதால் கார்டு இல்லாமல் அதைப் போட்டால் திரையில் ஒன்றும் வராது.

2023 டிசம்பர் மழையையும் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டி, என்னை உங்களிடம் ஏற்றிவந்த அதே செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட மழை. மழையின்போது பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தோம். அது ஓய்ந்த பிறகு நாள்கணக்கில் ஏறி ஏறி இறங்கிய வோல்டேஜைத் தாங்கியது அந்த எஸ்எம்பிஎஸ்ஸும் வீட்டிலிருந்த யுபிஎஸ்ஸும்தான்.

இப்போது புதிதாக வாங்குகிறவர்களுக்குச் சாக்கெட் ஏஎம்5, ராம் டிடிஆர்5. 3200ஜி இருந்த இடத்தில் 2024 ஜனவரியில் வந்த 8600ஜி போன்றவை இருக்கின்றன. வாங்கும் வரிசை மட்டும் நீங்கள் சொன்னதேதான்: நல்ல எஸ்எம்பிஎஸ், பிற்பாடு வளர இடம் தரும் போர்டு, இரண்டு ஸ்டிக்காக ராம். காசு மிஞ்சினால் கார்டு, இல்லாவிட்டால் அடுத்த சீசனுக்குக் கார்டு.

கடைசியாக, உங்கள் தெருவிலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கடை வைத்திருக்கிற மற்ற அண்ணாச்சிகளிடம் ஒன்று கேட்கிறேன். கொட்டேஷன் தாளில் பிராசசருக்கும் கார்டுக்கும் முழுப்பெயர் போட்டுவிட்டு, எஸ்எம்பிஎஸ்ஸுக்கு நேரே வெறும் "450 வாட்ஸ்" என்று எழுதாதீர்கள். எந்தக் கம்பெனி, எந்த மாடல், 12 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர், எத்தனை வருட வாரண்டி என்று எழுதுங்கள். ராம் எத்தனை ஸ்டிக் என்றும் எழுதுங்கள். பெற்றோர்களே, இதை எழுதித் தர மறுக்கிற கடையில் உங்கள் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வாங்காதீர்கள்.

உங்கள் உடன்குடித் தம்பி