சுருண்ட இலை

2012இல் மேட்டூர் அணை சூன் 12இல் திறக்கப்படவில்லை. பிந்தி வந்த நீரை நம்பி நட்ட எங்கள் சம்பா மார்கழியில் வாடியது. அப்பா விடியுமுன்னே வரப்பில் நிற்பார். பகலில் சுருண்ட இலை இரவில் விரிந்திருந்தால் பயிர் பிழைக்கும் என்பது அவர் கணக்கு. இலையின் மேற்புறத்துப் பெரிய செல்கள் நீரிழந்து சுருங்குவதால் நேர்வது அது.

வேறொரு சுருளலைச் சீன ஆய்வாளர்கள் 2009இல் விளக்கியிருந்தனர். எஸ்எல்எல்1 என்னும் மரபணு பழுதானால் அடிப்புறச் செல்கள் முறையாக வளர்வதில்லை. நீரிருந்தும் இலை குழலாகிவிடும். சின்ன வெங்காயத்தாள் போலிருப்பதால் அப்பெயரையே இட்டனர். (இட்டவர் தோட்டம் பார்த்தவராகத்தான் இருக்கவேண்டும்.) அளவாகச் சுருண்டால் இலை நிமிர்ந்து, கீழிலைக்கும் ஒளி கிட்டுமாம்.

அப்பாவிடம் சொன்னேன்.

“தண்ணி விட்டா விரியுமா?”

“விரியாதுப்பா.”

ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மறுநாள் விடியலில் எங்கள் வயலிலும் இலை விரியவில்லை.