எண் கிடைத்தால் கோப்பு முடியும்

புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு வழியில். ‘குட்டி இளவரசன்’ கதை தமிழில் வருவதற்கு வெகு முன்பே அதைப் பிரெஞ்சில் படித்துவிட்டோம். எழுதியவர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரி. விமானி. “போரில் காணாமல் போய்விட்டார்” என்றார் வாத்தியார்.

அந்தச் சொல் எங்கள் வீட்டிலும் உண்டு. பாட்டியின் தம்பி போருக்கு முன் சொல்தாவாகச் சைகோன் போனவர், திரும்பவில்லை. கடிதமும் இல்லை, தாக்கலும் இல்லை. பாட்டி கடைசிவரை அவருக்குத் திதி கொடுக்க விடவில்லை. “அவன் செத்ததை யார் பார்த்தது?” என்பாள்.

1944 ஜூலை 31 அன்று செந்த்-எக்சுபெரி கார்சிகா தீவிலிருந்து தனியாகக் கிளம்பினார். வயது 44. லாக்ஹீட் லைட்னிங் விமானம். துப்பாக்கி கிடையாது, கேமரா மட்டும். எதிரி வசமிருந்த பிரான்சைப் படமெடுக்கப் போனவர் திரும்பவில்லை.

1998இல் மர்சேய் அருகே ழான்-குளோத் பியாங்கோ என்ற மீனவரின் வலையில் ஒரு வெள்ளிக் கைச்சங்கிலி சிக்கியது. அதில் எழுத்தாளர் பெயரும் மனைவி கொன்சுவேலோ பெயரும் இருந்தன. போலி என்றவர்களும் உண்டு. 2000இல் லுக் வான்ரெல் என்பவர் அதே பக்கத்துக் கடலில் மூழ்கி, விமானத்தின் பாகங்களைக் கண்டார். 2003இல் மேலே எடுத்தார்கள். ஒரு பாகத்தில் 2734 என்ற எண். 2004இல் அது அவர் விமானமே என்று உறுதியானது. 60 வருடம் ஆகியிருந்தது.

அதே இடத்தில் ஒரு ஜெர்மன் விமானத்தின் எஞ்சினும் கிடந்தது. துருவிப் பார்த்ததில், 1943 டிசம்பரில் விழுந்த ஓர் இளம் விமானியுடையது என்று தெரிந்தது. பெந்தைம் என்ற அரச குடும்பத்துப் பிள்ளை. அவரும் ஓர் இளவரசர்தான்! எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்கள், ஒரே மணலில் கிடந்திருக்கிறார்கள்.

குமாஸ்தாவாக இருந்த எனக்கு இது புரிகிறது. எண் பொருந்தாமல் எந்தக் கோப்பும் முடியாது. அது கிடைத்த நாளில்தான் உறவுக்காரர்கள் வாய்விட்டு அழ முடியும்.

எங்கள் கோப்புக்கு எண் வரவேயில்லை. பாட்டியும் போய்ப் பல வருடம் ஆகிறது. இந்த ஆடி அமாவாசைக்குக் கடலில் இறங்கி, அவள் தம்பி பெயரையும் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்தேன். பாட்டி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்று நினைக்கிறேன்.